செம்பியின் வாலடியில் ஒட்டியிருந்தது பருக்கை அல்ல

கேள்வி: எங்கள் வீட்டில் 4 வயதுப் பெண் நாய் இருக்கிறது. நாட்டு நாய்தான். நிறத்தை வைத்துச் செம்பி என்று கூப்பிடுகிறோம். எடை 14 கிலோ. படுப்பது ஒரு பழைய சாக்கில். ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து இரவு பகல் பாராமல் சொறிகிறது. முடியை விலக்கினால் தெள்ளுப்பூச்சி ஓடுகிறது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக் குளிப்பாட்டினேன். இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, மூன்றாம் நாள் பழைய கதைதான். பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி 10 நாளாகத் தினமும் 4 பல் பூண்டை நசுக்கிச் சோற்றில் போடுகிறேன். மண்ணெண்ணெய் தொட்டுத் தடவினால் ஒரே நாளில் போய்விடும் என்கிறார் மாமனார். ஈஸ்ட் மாத்திரை கொடுத்தால் தெள்ளு அண்டாது என்றும் படித்தேன். வீட்டில் 3 வயதுக் குழந்தையும் ஒரு பூனையும் இருப்பதால் இரசாயன மருந்துகளுக்குப் போகப் பயமாக இருக்கிறது. இயற்கையாகவே தடுக்க வழி இல்லையா? செம்பிக்குக் காலையில் பாலும் பிஸ்கெட்டும், இரவில் தயிர்சாதம், ஞாயிறு மட்டும் கறிக்குழம்புச் சோறு. அந்தச் சோறும் சரியாகச் செரிப்பதில்லை போலிருக்கிறது. சில நாள் வாலடியில் காய்ந்த பருக்கை ஒட்டியிருக்கிறது. உணவை மாற்ற வேண்டுமா?

— கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி. வாலடியில் ஒட்டியிருப்பது பருக்கை அல்ல. நாயின் வயிற்றில் செரிக்காத சோறு, மலவாயைச் சுற்றி ஒவ்வொரு மணியாகப் பிரிந்து காய்ந்து ஒட்டுவதில்லை. அது நாடாப்புழுவின் துண்டு. புதிதாக வெளிவரும்போது வெள்ளரி விதை அளவில் இருக்கும், மெல்ல நெளியவும் செய்யும். காய்ந்ததும் சுருங்கி, பார்ப்பதற்கு அசல் பழுப்பரிசி போலவே ஆகிவிடும். அடுத்த முறை கண்ணில் பட்டால் ஒரு காகிதத்தில் எடுத்து, ஒரு சொட்டு வெந்நீர் விட்டுப் பாருங்கள். சோறு என்றால் குழைந்து நசுங்கும். புழுத் துண்டு ஊறி உப்பும், நசுங்காது.

இந்த நாடாப்புழு செம்பிக்கு எங்கிருந்து வந்தது? தெள்ளிலிருந்துதான். புழுவின் முட்டையைத் தின்பது தெள்ளின் இளம்புழு. அது வளர்ந்து தெள்ளாகி நாயின் மேல் ஏறுகிறது. அரிப்புத் தாங்காமல் நாய் தன்னைக் கடிக்கும்போது அந்தத் தெள்ளையும் சேர்த்து விழுங்குகிறது. இரண்டு மூன்று வாரத்தில் குடலில் நாடாப்புழு வளர்ந்து, துண்டு துண்டாக வெளியேறத் தொடங்குகிறது. தெள்ளு ஒரு பிரச்சினை, செரிமானம் வேறொரு பிரச்சினை என்று நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். வட்டப்புழுவுக்காகக் கடையில் வாங்கும் சாதாரணப் பூச்சி மருந்து இதைத் தொடாது. பிராசிகுவாண்டல் சேர்ந்த மாத்திரையை எடைக்கு ஏற்றபடி ஒரு வேளை கொடுத்தால் புழு அழியும். ஆனால் தெள்ளு இருக்கும்வரை ஒரு மாதத்தில் மறுபடி வரும். குழந்தை தற்செயலாக ஒரு தெள்ளை விழுங்கிவிட்டால் குழந்தைக்கும் இந்தப் புழு வரக்கூடும். அடிக்கடி நடப்பதில்லை, வந்தாலும் எளிதில் குணமாகிவிடும். ஆனாலும் நாயைத் தொட்ட கையைக் கழுவாமல் குழந்தை வாயில் வைக்கக் கூடாது.

இப்போது வேப்பிலைக்கு வருகிறேன். இரண்டு நாள் கேட்டது, மூன்றாம் நாள் கேட்கவில்லை என்கிறீர்கள். வேம்பின் மேல் குற்றமில்லை. நாம் நாயின் மேல் பார்க்கும் தெள்ளு, மொத்தத் தெள்ளில் இருபதில் ஒரு பங்குதான். மீதி முழுவதும் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாயின் இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கிவிடும். நாளொன்றுக்கு 40 முட்டை வரை இடும். முட்டை வழுவழுப்பானது, முடியில் ஒட்டி நிற்காது. செம்பி உடம்பை உதறும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் உப்புத்தூள் போலச் சிந்திவிடும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சிச் சாக்கின் மடிப்பிலும் தரை வெடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். அதன் உணவு என்ன தெரியுமா? பெரிய தெள்ளு நாயின் மேலிருந்து உதிர்க்கும் எச்சம், அதாவது காய்ந்த இரத்தம்.

பிறகு அந்தப் புழு தூசியையும் மணலையும் மேலே ஒட்டிக்கொண்டு கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டுக்குள் எந்தப் பூச்சிமருந்தும் எளிதில் இறங்காது. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் முட்டை முதல் தெள்ளு வரை மூன்று வாரத்தில் முடிந்துவிடும். இல்லையென்றால் கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பியவர்கள், கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் கணுக்காலில் தெள்ளு ஏறியதாகச் சொல்வார்கள். நடக்கும் அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் கூடு திறந்து பாய்ந்திருக்கும்.

செம்பியை நீங்கள் குளிப்பாட்டியபோது மேலே இருந்த தெள்ளு போயிற்று. அவள் ஈரம் காய்ந்து பழைய சாக்கில் போய்ப் படுத்தாள். சாக்கில் இருந்தது ஏறிக்கொண்டது. நாய் அதற்குச் சாப்பாட்டு இடம், அவ்வளவுதான். தெள்ளின் வீடு உங்கள் தரையும் அந்தச் சாக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எதைச் செய்வது எதை விடுவது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

முதலில், இன்றே நிறுத்த வேண்டியவை.

மண்ணெண்ணெயை அந்த வீட்டில் யாரும் கையில் எடுக்கக் கூடாது. மாமனார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகையில் எல்லோரும் செய்ததுதான். ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதுகு முழுவதும் மண்ணெண்ணெய் தடவிய நாய் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். தோள் தொடங்கி இடுப்பு வரை தோல் வெந்து, முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. தொட்ட இடமெல்லாம் முனகியது. தோல் மூடி முடி முளைக்க வாரங்கள் ஆயின. அந்த நாய் பிழைத்தது அதன் அதிர்ஷ்டம். நக்கியதில் ஒரு மிடறு நுரையீரலுக்குள் போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது. கற்பூரத் தைலம், அந்துருண்டை, புகையிலைச் சாறு, பினாயில் எல்லாம் இதே வரிசைதான். புகையிலையும் செடிதான், கற்பூரமும் மரத்திலிருந்து வருவதுதான். ஆனால் நாயின் உடம்பில் பூசுவது எதுவும் பத்து நிமிடத்தில் நாக்கு வழியாக வயிற்றுக்குள் போய்விடும். கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும். புகையிலையின் நிகோடின் இதயத்தையே பாதிக்கும். எலுமிச்சைச் சாறும் வேண்டாம். சொறிந்து புண்ணான தோலில் அது எரியும் எரிச்சலை வாயில்லாத பிராணி நம்மிடம் சொல்ல முடியாது.

அடுத்தது பூண்டு. பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எடைக்கு எடை பார்த்தால் பூண்டு வெங்காயத்தைவிடக் கடுமையானது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் நாய்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் பூண்டுக்குச் சமமான சாற்றை 7 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வில், நாய்களின் சிவப்பணுக்கள் சேதமடைந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. நீங்கள் போட்ட 4 பல், செம்பியின் எடைக்குக் கிலோவுக்கு 1 கிராமுக்கும் குறைவு. அதனால் பதற வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பிலும் சின்ன வெங்காயம் இருக்கிறது, பூண்டு இருக்கிறது. கூடவே தெள்ளும் நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஒரு பக்கம் உறிஞ்சுவதும் இன்னொரு பக்கம் அணுக்கள் சிதைவதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. அவள் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளிறியிருந்தாலோ சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இத்தனைக்கும் பூண்டால் தெள்ளு ஓடுவதும் இல்லை. ஈஸ்ட்டும் அப்படித்தான். 1983ஆம் ஆண்டிலேயே நாய்களுக்கு ஈஸ்ட் கொடுத்துச் சோதித்து, தெள்ளின் எண்ணிக்கை குறையவில்லை என்று எழுதிவிட்டார்கள். ஈஸ்ட் மாத்திரையால் தீங்கு ஒன்றும் பெரிதாக இல்லை. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

வேம்பை நான் விலக்கச் சொல்லவில்லை, இடம் மாற்றிப் பயன்படுத்தச் சொல்கிறேன். வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் என்ற பொருள், பூச்சியின் இளம்பருவம் தோலுரித்து வளர்வதைக் கெடுக்கிறது. வளர்ந்த தெள்ளை அது உடனே கொல்வதில்லை. நெல் குதிரிலும் பயறுப் பானையிலும் நம் பாட்டிமார் காய்ந்த வேப்பிலையைப் போட்டு வைத்தார்களே, அதே கணக்குதான். வளரும் இடத்தில் தடுப்பது. ஆகவே நிழலில் உலர்த்திய வேப்பிலையைச் செம்பியின் படுக்கைக்கு அடியில் பரப்பி, வாரம் ஒரு முறை மாற்றுங்கள். வேப்பிலை கொதிக்க வைத்து ஆறிய நீரைக் குளியலின் கடைசியில் ஊற்றலாம். வேப்பெண்ணெயை அப்படியே தோலில் தேய்க்காதீர்கள். எரியும், நக்கினால் வாந்தி வரும். பூனையின் மேல் வேப்பெண்ணெய், யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய் எதுவுமே படக் கூடாது. பூனையின் கல்லீரல் இவற்றைத் தாங்காது.

இனி செய்ய வேண்டியது. இதில் பெரும்பகுதி நீங்கள் கேட்ட இயற்கை வழிதான், உழைப்புதான் வேண்டும்.

ஒரு பேன் சீப்பு வாங்குங்கள். தலைக்குப் பயன்படுத்தும் அதே நெருக்கப் பல் சீப்பு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்பு கரைத்த தண்ணீர். தினமும் மாலையில் பத்து நிமிடம் கழுத்து, வாலடி, பின்தொடையின் உள்பக்கம், வயிறு ஆகிய இடங்களில் வாருங்கள். சீப்பில் சிக்கும் தெள்ளை நசுக்க முயல வேண்டாம், அது துள்ளிவிடும். சீப்போடு சோப்புத் தண்ணீரில் முக்கினால் மூழ்கிச் சாகும். வெறும் தண்ணீரில் அது மிதந்து தப்பித்துவிடும். சோப்புத்தான் அதை மூழ்கடிக்கிறது.

முதல் நாள் வாரும்போது ஒன்று செய்து பாருங்கள். சீப்பில் மிளகுத்தூள் போலக் கருப்பாக வரும் துகளை ஈரப் பஞ்சில் உதிர்த்து, ஒரு நிமிடம் விடுங்கள். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செந்நிறம் கசிந்து பரவும். என் மருந்தகத்தில் நாயோடு வருபவர்கள், "எங்கள் வீட்டில் தெள்ளு இல்லை, டாக்டர்" என்று சொல்லும்போது நான் எதிர்வாதம் செய்வதில்லை. இந்தப் பஞ்சை அவர்கள் உள்ளங்கையில் வைத்துவிடுவேன். அந்தச் சிவப்பு, தம் நாயின் இரத்தம் என்று தெரிந்ததும் அவர்கள் முகம் மாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

குளியல் வாரம் ஒரு முறை போதும். முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நுரையைப் பூசிவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பட்டதும் தெள்ளெல்லாம் காதுக்கும் கண்ணோரத்துக்கும் ஏறி ஒளிந்துகொள்ளும். நுரை ஐந்து நிமிடமாவது உடம்பில் நிற்கட்டும். நாய்க்கென்று விற்கும் மென்மையான ஷாம்பு நல்லது. மனிதர் சோப்பு அதன் தோலை வறட்டும், வறண்ட தோல் இன்னும் அரிக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய வேலை படுக்கையில் இருக்கிறது. அந்தச் சாக்கை எரித்துவிடுங்கள். சாக்கின் இழைக்குள் புகுந்த புழுவை எடுக்கவே முடியாது. அதற்குப் பதில் பழைய பருத்திப் புடவை இரண்டை எடுத்து மடித்துத் தைத்து, மாற்றி மாற்றிப் போடுங்கள். நான்கு நாளுக்கு ஒரு முறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காய வையுங்கள். தெள்ளின் புழுவுக்குக் காற்றில் ஈரம் பாதிக்குக் கீழே இறங்கினால் உயிர் தங்காது. ஐப்பசி, கார்த்திகையில் காவிரிப் படுகையில் அவ்வளவு வறண்ட காற்று எங்கே கிடைக்கும்? மழை பிடித்ததும் செம்பி சொறியத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். வெயில் அடிக்கும் ஓரிரு மணி நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். வெயில் இல்லாத நாளில் துணியைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் போடுங்கள்.

படுக்கும் இடத்தைச் சுற்றி ஆறடிக்குத் தினமும் கூட்டி, அந்தத் தூசியைக் குப்பைக் கூடையில் போடாமல் சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள். திண்ணையிலும் படிக்கட்டின் அடியிலும் இருக்கும் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். கொல்லைப்புறச் சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். இது தெள்ளோடு உண்ணிக்கும் சேர்த்துத்தான். பெண் உண்ணி இரத்தம் குடித்து உப்பியதும் நாயிலிருந்து இறங்கிச் சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நீங்கள் உண்ணியைப் பற்றி எழுதவில்லை. ஆனால் நம் பக்கத்தில் நாய்களின் உயிரைக் குடிப்பது தெள்ளைவிட உண்ணிதான். எர்லிச்சியா, பேபீசியா என்ற இரண்டு இரத்த நோய்களையும் அது கொண்டுவருகிறது. சீப்பு போடும்போது காதின் உள்மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி மூன்றையும் தடவிப் பார்க்கும் பழக்கம் வரட்டும். இரண்டு நாள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ மூக்கில் இரத்தம் வந்தாலோ உடனே இரத்தப் பரிசோதனை வேண்டும். உங்களுக்கு ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான்.

இவ்வளவும் செய்தால் மருந்தே இல்லாமல் ஓய்ந்துவிடுமா? பத்துப் பதினைந்து தெள்ளு இருக்கும் நாய் என்றால் ஓய்ந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். செம்பியின் நிலை அதைத் தாண்டிவிட்டது என்றே நினைக்கிறேன். முடியை விலக்கியதும் ஓடுகிறது, நாடாப்புழு வந்துவிட்டது, இரவில் தூக்கம் இல்லை. தெள்ளின் எச்சில் ஒவ்வாமல் போன நாய்க்கு நான்கைந்து கடியே போதும், வாலடி முழுவதும் முடி கொட்டிப் புண்ணாகும். இந்த நிலையில், மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கும் மருந்தை மூன்று மாதம் விடாமல் தாருங்கள். தரையில் கூட்டுக்குள் இருப்பவை ஒவ்வொன்றாக வெளிவந்து, நாயின் மேல் ஏறி, முட்டையிடுவதற்குள் செத்து முடிய அவ்வளவு காலம் ஆகும். ஒரு மாதம் கொடுத்துவிட்டு, தெள்ளைக் காணோம் என்று நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு.

மருந்து என்றால் பயம் என்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஃப்ளூரலேனர், அஃபாக்ஸோலேனர் போன்ற மாத்திரைகள் வாய்வழி போவதால் குழந்தையின் கையில் எதுவும் ஒட்டாது. இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமோ வலிப்போ வரலாம் என்று 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எனவே செம்பிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேறு வகை தருவார். இல்லையென்றால் தயங்க வேண்டியதில்லை. பூனைக்கும் அதே நேரத்தில் பூனைக்கான மருந்தைக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இரண்டின் மேலும் ஏறுவது ஒரே தெள்ளுதான். நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக்குப் பாதியாகப் போடும் எண்ணம் வந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் தாங்கும், பூனை செத்துவிடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு மாலையில் ஒரு பெரியவர் இரண்டு மாதக் குட்டியைக் கட்டைப்பையில் வைத்து எடுத்துவந்தார். ஒரு மாதமாக மஞ்சளும் வேப்பெண்ணெயும் மட்டுமே தடவியிருக்கிறார். அத்தனை அன்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பைக்குள் பழைய துண்டு விரித்திருந்தது. குட்டியின் ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. முடிக்குள் கை வைத்தால் மணல் நகர்வது போலத் தெள்ளு. இரத்தம் ஏற்றுவதற்கு ஆள் அனுப்பிப் பெரிய நாய் ஒன்றைக் கொண்டுவருவதற்குள் அது மேசையிலேயே போய்விட்டது. பெரியவர் பையை மடித்துக்கொண்டு ரொம்ப நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார். குட்டிக்கும் நோஞ்சான் நாய்க்கும் தெள்ளு வெறும் அரிப்பு அல்ல.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்த உணவும் தெள்ளை விரட்டாது. ஆனால் தெள்ளு கடித்த தோல் ஆறுவதும், இழந்த இரத்தம் ஊறுவதும் உணவால்தான். அந்த வகையில் செம்பியின் தட்டில் பெரிய குறை இருக்கிறது.

நாய்க்குச் சோறு ஆகாது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. மனிதனோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் நாயிடம் பெருகிவிட்டன. ஓநாயிடம் அந்தப் பெருக்கம் இல்லை. சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். சோறு செம்பிக்குச் செரிக்கும். குறை என்னவென்றால் அவளுக்குச் சோறு மட்டுமே கிடைக்கிறது. பாலும் பிஸ்கெட்டும் தயிர்சாதமும் வயிற்றை நிரப்பும். தோலும் முடியும் முழுக்கப் புரதம். அதற்கு வேண்டியது வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறது, அதுவும் வெங்காயக் குழம்போடு.

14 கிலோ எடையுள்ள, வளர்ந்த, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 800 கலோரி வேண்டும். அதை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வெந்த சோறு 250 கிராம். எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி 175 கிராம். அவித்த முட்டை ஒன்று. பரங்கிக்காய், கேரட், பீன்ஸ் இவற்றில் ஏதாவது ஒரு கைப்பிடி. சமையல் எண்ணெய் 2 தேக்கரண்டி. கழுவி வறுத்து மாவாகப் பொடித்த முட்டையோடு அரைத் தேக்கரண்டி. இதைக் காலை மாலை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். முட்டையோட்டைக் கடைசியாகச் சொன்னதால் அதை விட்டுவிடாதீர்கள். கறியில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. கறியும் சோறும் மட்டுமே போட்டு வளர்த்த நாயின் எலும்பு நாளடைவில் தேய்ந்துபோகும். அந்த அரைத் தேக்கரண்டியில் ஏறக்குறைய 1 கிராம் சுண்ணாம்புச்சத்து கிடைத்துவிடும்.

கறி வாங்காத நாளில் இரண்டு முட்டையும், ஊறவைத்துப் பிழிந்து வேகவைத்த மீல்மேக்கர் ஒரு கைப்பிடியும் போடலாம். குழைய வெந்த பருப்பும் சேரும், தாளிக்காமல். வாரம் இரண்டு நாள் மத்தி மீன் கிடைத்தால் மிக நல்லது. குக்கரில் நன்றாக வேகவைத்தால் முள்ளும் மாவாகிவிடும். மத்தியில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு தோலின் அரிப்பைத் தணிக்கும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், பொறுமை வேண்டும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். தயிரை நிறுத்த வேண்டியதில்லை, இரண்டு கரண்டி போதும். பால் பல நாய்களுக்கு வயிற்றைக் கழியச் செய்யும், விட்டுவிடலாம். பிஸ்கெட் வெறும் மைதாவும் சர்க்கரையும்தான்.

இப்படி வீட்டில் சமைத்துப் போடும்போது துத்தநாகம், தாமிரம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை குறைய வாய்ப்புண்டு. வெயிலில் படுத்து வைட்டமின் டியைப் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ளும் திறமை நாயின் தோலுக்கு இல்லை. நாய்களுக்கான தாது உப்புக் கலவை ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் சேருங்கள். வேலைக்குப் போகும் வீடு, தினமும் சமைக்க முடியவில்லை என்றால், ஒரு வேளை கடைத் தீவனம் ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. தானியமே சேராத தீவனம் உயர்ந்தது என்று அதிக விலைக்கு விற்கிறார்கள். அதன் பின்னால் போகாதீர்கள். அந்த வகைத் தீவனத்துக்கும் இதயம் விரிந்து தளர்ந்துபோகும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று 2018இல் அமெரிக்காவில் ஆராயத் தொடங்கினார்கள்.

புது உணவை ஒரே நாளில் மாற்றினால் பேதியாகும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். குழம்புச் சோறு, வெந்த கோழி எலும்பு, திராட்சை போட்ட கேசரியும் பாயசமும், சாக்லேட் — இவை நான்கும் அவள் வாய்க்குப் போகாமல் குழந்தையிடமும் சொல்லி வையுங்கள். 3 வயதுக் குழந்தை தன் தட்டிலிருந்து ஆசையாக ஊட்டத்தான் செய்யும்.

இந்த வாரமே செம்பியை மருத்துவரிடம் அழைத்துப்போய் நாடாப்புழு மாத்திரையும் தெள்ளு மருந்தும் ஒரே நாளில் கொடுங்கள். அன்றே சாக்கையும் அப்புறப்படுத்திவிடுங்கள். மூன்றும் ஒன்றாக நடந்தால்தான் பலன். முதல் மூன்று வாரம் புதிதாகத் தெள்ளு கண்ணில் படும், மருந்து கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டுக்குள் இருந்தவை வெளியே வருகின்றன என்று அர்த்தம். ஆறாவது வாரத்தில் பேன் சீப்பால் வாரி, உதிர்வதை மறுபடி ஈரப் பஞ்சில் போட்டுப் பாருங்கள். பஞ்சு சிவந்தால், செம்பி பகலில் வேறு எங்கே போய்ப் படுக்கிறாள் என்று ஒரு நாள் அவள் பின்னாலேயே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கட்டிலுக்கு அடியிலோ வைக்கோல் போரின் ஓரத்திலோ இன்னொரு படுக்கை வைத்திருப்பாள்.